ஃபார்மலினில் போடுவதற்கு முன்

குழந்தையின் தலையிலிருந்து எடுக்கப்படும் மூளைக்கட்டித் துண்டு, நம் நாட்டின் பெரும்பாலான அறுவை அரங்குகளில் நேராக ஃபார்மலின் டப்பாவுக்குள் போகிறது. டப்பாவின் மேல் பெயர், வயது, பதிவு எண். நோய்க்குறியியல் துறையில் அதை மெழுகில் பதித்து ‘பிளாக்’ ஆக்குவார்கள். மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி ஸ்லைடில் பார்ப்பார்கள். பிறகு ரிப்போர்ட் வரும். கட்டியின் பெயரும் தரமும் அதில் இருக்கும். எந்த மருந்து கொடுத்தால் அந்தக் கட்டி சாகும் என்பதை மட்டும் இனி அதனிடம் கேட்டறிய முடியாது. ஃபார்மலின் பட்ட உயிரணு செத்த உயிரணு.

அதே துண்டில் பட்டாணி அளவைத் தனியாக எடுத்து, குளிர்ந்த ஊட்டக் கரைசலில் போட்டுச் சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால், அந்த உயிரணுக்களை வளர்க்க வாய்ப்பு இருக்கிறது. சுண்டெலியின் மூளைக்குள் அவற்றைப் பதியமிடலாம். மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கலாம். குழந்தைகளின் மூளைக்கட்டிக்கு இலக்கு மருந்துகள் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பங்கு, இப்படி உயிரோடு காப்பாற்றப்பட்ட துண்டுகளிலிருந்து வந்தது. இந்த வேலையைப் புதுச்சேரியில் தொடங்க முடியும். தொடங்காமல், பிற நாடுகளில் தயாரான மருந்துப் பட்டியலை வைத்துக்கொண்டு நம் குழந்தைகளுக்கு மாத்திரை எழுதிக்கொண்டிருப்பது ஆபத்து என்பது என் கருத்து.

கீமோ என்று நாம் பழகியிருக்கும் மருந்துகள் வேகமாகப் பெருகும் உயிரணு எதுவானாலும் தாக்கும். முடி கொட்டுவதும் வாய் வெந்துபோவதும் அதனால்தான். இலக்கு மருந்து, கட்டியை வளரச் செய்யும் குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் போய் அடைக்கிறது. குழந்தைகளின் மூளைக்கு இது முக்கியம். ஏனென்றால், இப்போது நம்மிடம் உள்ள வலுவான ஆயுதம் கதிர்வீச்சு. நம் பக்கத்து மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்வது அதைத்தான். கட்டியைச் சுடும் கதிர், வளரும் மூளையையும் சேர்த்துச் சுடுகிறது. படிப்பு மந்தமாகிறது, ஹார்மோன் குறைகிறது, உயரம் நின்றுபோகிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முடிந்தவரை கதிர் வைக்காமல் தள்ளிப்போடப் பார்ப்பார்கள். அந்த இடத்தை நிரப்ப ஒரு மருந்து வேண்டும் என்ற தவிப்பு எல்லா நாடுகளிலும் இருக்கிறது.

தவிப்பு இருக்கும் இடத்தில் அவசரமும் வரும். இலக்கு மருந்துகளில் பெரும்பாலானவை பெரியவர்களின் புற்றுநோய்க்காக, பெரியவர்களிடம் சோதித்து உருவாக்கப்பட்டவை. அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிடுவது போல அவற்றைக் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு எளிதாக வந்துவிடுகிறது. அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு சோராஃபெனிப் ஒன்று போதும்.

குழந்தைகளுக்கு வரும் மூளைக்கட்டிகளில் ‘பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா’ என்ற வகை மெதுவாக வளர்வது. முழுவதும் வெட்டி எடுக்க முடிந்தால் குழந்தை பிழைத்துக்கொள்ளும். பார்வை நரம்பிலோ மூளையின் ஆழத்திலோ இருந்தால்தான் சிக்கல். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ‘பிராஃப்’ என்ற மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டு, அணைக்க முடியாத நிலையில் இயங்குகிறது என்பது 2008இல் தெரியவந்தது. சோராஃபெனிப் என்ற மாத்திரை ஏற்கெனவே சந்தையில் இருந்தது. 2005இல் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பிராஃப் உள்ளிட்ட ராஃப் புரதங்களை அடைப்பது அதன் வேலைகளில் ஒன்று. இலக்கு தெரிந்தது, மருந்தும் கையில் இருந்தது. கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வெளியானது. சிகிச்சை பெற்ற 11 பேரில் 9 பேருக்குக் கட்டி வளர்ந்தது. அதுவும் அந்த வகைக் கட்டி வழக்கமாக வளரும் வேகத்தில் அல்ல, எதிர்பாராத வேகத்தில். சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

காரணம் ஆய்வகத்தில் கிடைத்தது. ராஃப் புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வேலை செய்பவை. முதல் தலைமுறை ராஃப் மருந்துகள் ஜோடியில் ஒன்றை அடைத்தால், மற்றது முன்பைவிடத் துடிப்பாக இயங்கத் தொடங்குகிறது. ஒட்டிக்கொண்ட பிராஃப் உள்ள உயிரணுக்களில் இந்த வகை மருந்துகள் தலைகீழாக வேலை செய்கின்றன என்று 2013இல் வெளியான ஆய்வகப் பணியும் காட்டியது. பொருத்தமான உயிரணு மாதிரி முன்பே கையில் இருந்து, இந்த மருந்தை அதில் போட்டுப் பார்த்திருந்தால், அந்தக் குழந்தைகளுக்குச் சோராஃபெனிப் போயிருக்காது. மாதிரி இல்லாததற்கும் காரணம் உண்டு. மெதுவாக வளரும் கட்டியின் உயிரணுக்கள் கண்ணாடிக் கிண்ணத்தில் சில முறை பிரிந்தபின் முதுமையடைந்து நின்றுவிடும். எலியிலும் எளிதில் பிடிக்காது. வளர்க்கக் கடினமான கட்டியைத்தான் அதிகப் பாடுபட்டு வளர்த்திருக்க வேண்டும்.

பாடம் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜோடியாகச் சேர்ந்த ராஃபையும் அடைக்கும் அடுத்த தலைமுறை மருந்தான டோவோராஃபெனிப், 2024 ஏப்ரலில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. ஆறு மாதக் குழந்தை முதல் கொடுக்கலாம். 76 பேரிடம் செய்த மதிப்பீட்டில் 51 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. அதே பிராஃப் மரபணுவில் ‘வி600இ’ என்ற வேறு மாற்றம் உள்ள குழந்தைகளுக்கு டாப்ராஃபெனிப்பும் டிராமெட்டினிப்பும் சேர்ந்த சிகிச்சை 2023 மார்ச்சில் ஒப்புதல் பெற்றது. மரபணு ஒன்றுதான், மாற்றம் வேறு. ஒன்றுக்குப் பலன் தரும் டாப்ராஃபெனிப்பைத் தனியாக எடுத்து மற்றதற்குக் கொடுத்தால், சோராஃபெனிப் செய்த அதே வேலையைச் செய்யும் என்று அஞ்ச இடம் இருக்கிறது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது தனியார் ஆய்வகங்களுக்கு பிளாக்கை அனுப்பினால் ‘என்.ஜி.எஸ்.’ எனப்படும் மரபணு ரிப்போர்ட் வந்துவிடுகிறது. ஃபார்மலினில் கிடந்த திசுவிலிருந்தும் அதை எடுக்க முடியும். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கங்களில் இந்த மாற்றத்துக்கு இந்த மருந்து என்று ஒரு அட்டவணை இருக்கும். அந்த மருந்துகள் பெரும்பாலும் பெரியவர்களின் தோல், நுரையீரல், குடல் புற்றுநோயில் சோதிக்கப்பட்டவை. பெற்றோர் அந்த அட்டவணையைப் பார்த்ததும் நிலத்தை விற்கக் கிளம்புகிறார்கள். இணையத்தில் நன்கொடை கேட்கிறார்கள். அட்டவணையைச் சீட்டாக எண்ணி மாத்திரை எழுதும் மருத்துவரும் இருக்கிறார். எழுதுமுன் அவர் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. இதே கட்டியின் உயிருள்ள மாதிரியில் இந்த மருந்து சோதிக்கப்பட்டதா? மூளைக்குள் போதிய அளவு போகிறதா? வளரும் உடம்பில் என்ன செய்கிறது?

மூன்றாவது கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா, குழந்தைகளின் தீவிர மூளைக்கட்டிகளில் முதன்மையானது. மரபணு இயக்கத்தை வைத்து அதை நான்கு முக்கியக் குழுக்களாகப் பிரிப்பது 2012 முதல் உலக வழக்கம். அதில் ஒரு குழு, ‘ஹெட்ஜ்ஹாக்’ என்ற சமிக்ஞைப் பாதை கட்டுமீறி ஓடுவதால் வருவது. அந்தப் பாதையை அடைக்கும் ஒரு வேதிப்பொருள், சுண்டெலிகளின் மெடுல்லோபிளாஸ்டோமாவைக் கரைத்துவிட்டது என்று டாம் கரனின் குழு 2004இல் அறிவித்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் அதே குழு அங்கே நிற்கவில்லை. பால்குடி மறக்காத எலிக்குஞ்சுகளுக்கு அந்த மருந்தைச் சில நாள் மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தி, அவற்றை வளரவிட்டுப் பார்த்தது. எலும்புகள் குட்டையாகவே நின்றன. மருந்தை நிறுத்திய பிறகும் வளர்ச்சி மீளவில்லை. கை கால் எலும்புகளின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டுக்கும் அதே ஹெட்ஜ்ஹாக் பாதைதான் தேவை. 2008இல் இதை வெளியிட்டார்கள்.

இந்த வகை மருந்துகளில் முதலாவதான விஸ்மோடெகிப், 2012 ஜனவரியில் பெரியவர்களின் தோல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. மெடுல்லோபிளாஸ்டோமா திரும்ப வந்த குழந்தைகளுக்கும் கொடுக்கப்பட்டது. 2017இல் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை சார்ந்த மருத்துவர்கள் வெளியிட்ட குறிப்பில், மருந்து பெற்ற சில குழந்தைகளுக்கு வளர்ச்சித் தட்டுகள் ஒட்டி மூடிக்கொண்டன, மருந்தை நிறுத்தியும் திறக்கவில்லை என்று இருந்தது. எலும்பு வளர்ச்சி முடிந்தவர்களுக்கே இந்த மருந்து என்று வரம்பு கட்டச் சொன்னார்கள். எலிக்குஞ்சு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே சொன்ன செய்தி அது. எலியில் தெரிவது மனிதருக்குப் பொருந்தாது என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்களுக்கு இந்த நிகழ்ச்சியைச் சொல்வது என் வழக்கம். கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் உயிரணுவுக்குக் கால் இல்லை. கால் எலும்பு வளர்கிறதா என்று அதில் அளந்து பார்க்க முடியாது.

உயிர் போகும் நிலையில் உள்ள குழந்தைக்கு உயரம் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சில பெற்றோர் தெரிந்தே சரி என்பார்கள். அது அவர்கள் உரிமை. தெரியாமல் சரி சொல்ல வைப்பதுதான் தவறு.

இரண்டாவது கேள்வி, மருந்து மூளைக்குள் போகிறதா என்பது. ரத்தத்தில் உள்ள எதையும் மூளை எளிதில் உள்ளே விடாது. நுண்குழாய்ச் சுவரின் உயிரணுக்கள் நெருக்கிப் பின்னியிருப்பதோடு, தப்பி நுழையும் மருந்தைத் திருப்பி ரத்தத்துக்கே தள்ளும் புரதங்களும் அங்கே உண்டு. மெடுல்லோபிளாஸ்டோமாவில் ‘விண்ட்’ குழு மட்டும் ஏன் கீமோவுக்கு அவ்வளவு நன்றாக அடங்குகிறது, பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் ஏன் பிழைக்கிறார்கள் என்பதற்கு 2016இல் ஒரு சுவையான விளக்கம் வந்தது. அந்தக் கட்டி சுரக்கும் பொருள்களாலேயே அதன் ரத்தக் குழாய்கள் ஓட்டை ஓட்டையாகிவிடுகின்றன. மருந்து தாராளமாக உள்ளே கசிகிறது. கட்டி தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்கிறது. இதைக் கண்டதும் எலிகளில்தான். ஹெட்ஜ்ஹாக் குழுவில் அந்தத் தடுப்பு கெடாமல் இருக்கிறது.

மறுகோடியில் இருப்பது மூளைத்தண்டின் ‘பான்ஸ்’ பகுதியில் பரவலாக ஊடுருவி வளரும் டி.ஐ.பி.ஜி. என்ற கட்டி. மாறுகண், தள்ளாட்டம், விழுங்கச் சிரமம் என்று சில வாரங்களில் தலைகாட்டும். அறுவை செய்ய முடியாது. கதிர் வைத்தால் சில மாதம் தெளிவு கிடைக்கும். பிறகு திரும்பும். கண்டுபிடித்த நாளிலிருந்து சராசரி ஆயுள் ஓராண்டுக்கும் குறைவு. இரண்டு ஆண்டைத் தாண்டுபவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பயாப்சியே ஆபத்து என்று நீண்ட காலம் யாரும் அதைத் தொடாததால், அந்தக் கட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாமலே இருந்தது. நிலைமையை மாற்றியவர்கள், குழந்தை இறந்த சில மணி நேரத்துக்குள் மூளையைக் கொடையாகக் கொடுத்த பெற்றோர்கள். ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜே அந்தத் திசுவிலிருந்து உயிரணுக்களை வளர்த்தெடுத்தார். 2012இல் கனடாவின் நாடா ஜபாடோ குழுவும், அமெரிக்காவின் சூசன் பேக்கர் குழுவும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டன: டி.என்.ஏ.வைச் சுற்றி வைத்திருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் ஓரிடத்தில் ஏற்படும் ஒற்றை மாற்றம், ‘எச்3 கே27எம்’.

2015இல் பல ஆய்வகங்கள் தங்கள் டி.ஐ.பி.ஜி. உயிரணுக்களை ஒன்றுசேர்த்து, 83 மருந்துகளைப் போட்டுப் பார்த்தன. பனோபினோஸ்டாட் முந்தி நின்றது. எலியிலும் வேலை செய்தது. குழந்தைகளிடம் போனபோது எதிர்பார்த்த பலன் இல்லை. மாத்திரையாகத் தரும் மருந்து கட்டி வரை போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. அளவைக் கூட்டினால் ரத்தத் தட்டணுக்கள் விழுகின்றன. எலி தாங்கும் அளவைக் குழந்தை தாங்காது என்பது இந்தத் துறையில் பழைய வலி. ஆகவே, ஆய்வகச் சோதனை செய்துவிட்டாலே மருந்து பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. மூளைக்குள் மருந்தின் அளவை அளக்காத சோதனையும், கட்டியை எலியின் விலாத் தோலுக்குக் கீழே வளர்த்துவிட்டு மூளைக்கட்டி என்று பெயர் சூட்டும் சோதனையும் என் பார்வையில் அரை வேலை.

நம் நாட்டுக்கு வருவோம். எய்ம்ஸ் நோய்க்குறியியலாளர்கள் முன்னின்று, ஏழு பெரிய மருத்துவமனைகளின் பதிவுகளைத் தொகுத்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளின் மூளைக்கட்டிகள் 3,936 இருந்தன. ஆஸ்ட்ரோசைட் வகை 34.7 சதவீதம், மெடுல்லோபிளாஸ்டோமாவும் அதையொத்தவையும் 22.4 சதவீதம். ஏழே மருத்துவமனைகளில் இவ்வளவு. இத்தனை கட்டிகளைக் கண்ட நாட்டில், உயிருள்ள மாதிரிகளாக மாறி உலக ஆய்வகங்களில் புழங்கும் கட்டிகள் எத்தனை? நம் மாணவர்கள் மெடுல்லோபிளாஸ்டோமா ஆய்வு என்று தொடங்கினால், 1985இல் வெளிவந்த ‘டாயோய்’ என்ற உயிரணு வரிசையை வாங்கி வளர்க்கிறார்கள். அது அமெரிக்காவின் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் கட்டி. நாற்பது ஆண்டுகளாகக் கிண்ணத்திலேயே வாழ்ந்து பழகிவிட்ட உயிரணு எந்தக் குழந்தையைப் பிரதிநிதித்துவம் செய்யும்?

இந்தியாவில் இந்தத் துறையில் தொடர்ந்து உழைத்தவர்களில் நவி மும்பை கார்கரில் உள்ள டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் ஆய்வகத்தைச் சேர்ந்த நீலம் ஷிர்சாட்டின் குழு முக்கியமானது. அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. உறைநிலையில் பாதுகாத்த திசு எல்லா மருத்துவமனைகளிலும் கிடையாது. ஃபார்மலின் பிளாக்தான் இருக்கிறது. நீளமான ஆர்.என்.ஏ. ஃபார்மலினில் சிதைந்துவிடும். மைக்ரோ ஆர்.என்.ஏ. மிகச் சிறியது என்பதால் தாக்குப்பிடிக்கும். அதையும் சேர்த்துப் பயன்படுத்தி மெடுல்லோபிளாஸ்டோமாவின் நான்கு குழுக்களையும் பிரித்தறியும் சோதனையை வடிவமைத்து 2013இல் வெளியிட்டார்கள். இல்லாததை எண்ணி அழாமல் இருப்பதை வைத்துச் செய்த அறிவியல். பிறகு சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் கட்டி உயிரணுக்களுக்குள் மீண்டும் செலுத்தினால் வளர்ச்சி தளர்கிறது என்பதையும் உயிரணுக்களிலும் எலிகளிலும் காட்டினார்கள். அங்கேயும் பயன்பட்டவை வெளிநாட்டுக் குழந்தைகளின் கட்டிகளிலிருந்து உருவான உயிரணு வரிசைகளே. வகைப்படுத்த நம் பிளாக் போதுமானதாக இருந்தது; மருந்தைச் சோதிக்கப் போதவில்லை.

நம் குழந்தைகளின் கட்டி மேல்நாட்டுக் குழந்தைகளின் கட்டியிலிருந்து அடிப்படையில் வேறானது என்று நான் வாதிடவில்லை. நம் கேள்விகள் வேறு. ஒரு கோர்ஸ் பல லட்சம் ஆகும் புது மருந்து வருவதற்குள், காப்புரிமை முடிந்து இங்கேயே மலிவாகத் தயாராகும் மருந்துகளில் எதை எதனோடு சேர்த்தால் பலன் என்று தெரிய வேண்டும். அதைச் சோதிக்க எந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கும் ஆசை இருக்காது. அதில் லாபம் இல்லை. டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் நோயில் வரும் ஒருவகை மூளைக்கட்டிக்கு 2010இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற எவரோலிமஸை இன்று இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. அதுபோன்ற மருந்துகளை வேறு கட்டிகளில், வேறு கூட்டணிகளில் பார்க்கும் வேலை நம்முடையது. பெரியவர்களின் புற்றுநோய் மருந்தின் இலக்கு குழந்தைகளின் கட்டிக்கும் பொருந்துமானால் குழந்தைகளிடமும் ஆராய்ந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கா 2017இல் சட்டம் இயற்றி, 2020 ஆகஸ்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் சில நூறு குழந்தைப் புற்றுநோய் மாதிரிகளை எலிகளில் வளர்த்து எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் கூட்டு முயற்சி நடக்கிறது. மருந்து ஏற்றுமதியில் மார்தட்டும் நாம் இரண்டும் இல்லாமல் இருக்கிறோம்.

ஏன் புதுச்சேரி? நான் வசிக்கும் கனகசெட்டிக்குளம், புதுச்சேரிக் கடற்கரையின் வடகோடி மீனவக் கிராமம். இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சில நிமிடம் போனால் பிம்ஸ் மருத்துவக் கல்லூரி, தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், காலாப்பட்டில் 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். அதில் உயிர்வேதியியலும் உயிரித்தொழில்நுட்பமும் உயிர்த்தகவலியலும் இருக்கின்றன. அதே காலாப்பட்டில் வலி மாத்திரைக்கான மூலப்பொருளைத் தயாரித்து உலகுக்கு அனுப்பும் ஆலையும் உண்டு. முக்கால் மணி நேரத்தில் கோரிமேட்டில் ஜிப்மர். மரக்காணம், திண்டிவனம், விழுப்புரம், கடலூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் குழந்தைகள் வந்து சேரும் இடம். அறுவை அரங்கும் ஆய்வகமும் இவ்வளவு பக்கத்தில் அமைந்த ஊர்கள் நாட்டில் அதிகம் இல்லை. திசு பயணம் செய்ய வேண்டிய தூரம், பெங்களூரில் ஒரு சிக்னலைத் தாண்டும் நேரம்கூட இல்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். சின்ன ஊரால் என்ன முடியும் என்பவர்களுக்கு, 1975இல் இங்கே தொடங்கிய கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையத்தை நினைவூட்டுவேன். யானைக்கால், மலேரியா ஆய்வில் அதன் பெயர் தெரியாத நாடு குறைவு.

செலவு பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். மனிதக் கட்டியை நிராகரிக்காமல் ஏற்றுக்கொள்ள, நோயெதிர்ப்பு இல்லாத எலி வேண்டும். அதற்குக் கிருமி நீக்கிய தீவனம், வடிகட்டிய காற்று, தனித்தனிக் கூண்டு, இருபத்துநாலு மணி நேர மின்சாரம். ஃபெஞ்சல் புயல் கரையேறிய 2024 நவம்பர் 30க்குப் பிந்தைய இரவை மறக்காதவர்களுக்கு, இந்தக் கடற்கரையில் மின்சாரத்தை நம்பி மட்டும் ஒரு சேமிப்பகம் நடத்த முடியாது என்று தெரியும். ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அதனால் தொடக்கத்தில் எலிக்கூடத்துக்குப் பெரும்பணம் கொட்ட வேண்டியதில்லை. திரவ நைட்ரஜன் கலன் வாங்கினால் போதும். மைனஸ் 196 டிகிரியில் உயிரணுக்கள் தூங்கும். மின்சாரம் தேவையில்லை, வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சேமித்தால் எலி பின்னால் வரலாம். சேமிக்காததற்கு எத்தனை எலி வாங்கியும் பயனில்லை.

விலங்குகளை வதைக்காமல் செய்ய முடியாதா என்ற கேள்வி இப்போது வலுத்திருக்கிறது, வலுக்க வேண்டியதுதான். 2019இன் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகளில் 2023 மார்ச்சில் திருத்தம் செய்து, விலங்கு இல்லாத சோதனை முறைகளையும் இந்தியா ஏற்றுக்கொண்டது. கட்டியிலிருந்து வளர்க்கும் முப்பரிமாண உருண்டைகள், சில்லில் பொருத்திய ரத்தக்குழாய்ச் சுவர் எல்லாம் அதில் அடங்கும். நூறு மருந்தை ஐந்தாகக் குறைக்க இவை அருமையானவை; அந்த அளவுக்கு எலிகள் தப்பும். அந்த ஐந்தும் எலும்பை என்ன செய்யும், கல்லீரலை என்ன செய்யும் என்ற இடத்தில் முழு உடம்பு தேவைப்படுகிறது. அதுவும் வேண்டாம் என்றால், சோதனை எலி நம் குழந்தைதான். நான் எலியைத் தேர்ந்தெடுப்பேன், உரிய குழுவின் கண்காணிப்போடு.

என் வாதத்துக்கு எதிராக ஒரு வலுவான உதாரணம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஆகஸ்டில், எச்3 கே27எம் மாற்றம் கொண்ட நடுக்கோட்டு மூளைக்கட்டிக்கு முதன்முறையாக ஒரு மருந்து அமெரிக்க ஒப்புதல் பெற்றது: டோர்டாவிப்ரோன், பழைய பெயர் ஓ.என்.சி.201. சிகிச்சைக்குப் பிறகும் நோய் வளர்ந்த, ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தரலாம். ஆதாரமாக வைக்கப்பட்ட 50 பேரில் 22 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. அதிசயம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒன்றுமே இல்லாத இடத்தில் இது ஒன்று. இந்த மருந்து இந்தக் கட்டிக்கு உதவும் என்ற முதல் துப்பு எலியிலிருந்து வரவில்லை. பெரியவர்களின் மூளைக்கட்டிக்காக நடந்த சோதனையில், அந்த மாற்றம் கொண்டிருந்த இளம்பெண் ஒருவருக்குக் கட்டி சுருங்கியதிலிருந்து வந்தது. முதலில் மருத்துவமனை, பிறகு ஆய்வகம்.

ஆனாலும் ஏன் சுருங்கியது, யாருக்குச் சுருங்கும், எதனோடு சேர்த்தால் இன்னும் பலன் என்பதையெல்லாம் சொல்லத் தொடங்கியவை ஆய்வகங்கள்தாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீராம் வென்னெட்டி, கார்ல் கோஷ்மன் குழு 2023இல் வெளியிட்ட பணி, உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவை இந்த மருந்து குலைப்பதையும், அதன் விளைவாக, எச்3 கே27எம் மாற்றத்தால் ஹிஸ்டோன் இழந்திருந்த வேதிக் குறி ஓரளவு திரும்புவதையும் நோயாளிகளின் திசுவிலேயே காட்டியது. துப்பு எங்கிருந்து வந்தாலும், அதைப் பின்தொடர உயிருள்ள திசு வேண்டும். நம்மிடம் ஒரு குழந்தைக்கு எதிர்பாராத மருந்து ஒன்று பலித்தால், அந்தத் துப்பைப் பின்தொடர எதை வைத்திருக்கிறோம்?

அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் உள்ளிட்ட சில இடங்களில் ஒப்புதல் பெற்ற அரிய நோய் மருந்துகளுக்கு இங்கே மீண்டும் சோதனை நடத்தாமல் விலக்கு அளிக்கலாம் என்று 2024 ஆகஸ்டில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆணை பிறப்பித்தது. டி.ஐ.பி.ஜி. குழந்தைக்கு ஓராண்டு காத்திரு என்று சொல்ல முடியாது, ஆணையை வரவேற்கிறேன். மருந்து சீக்கிரம் வரும் என்பதாலேயே அது யாருக்குப் பலிக்கிறது என்று பார்க்கும் பொறுப்பு நம்மிடம் கூடுகிறது.

இனி, செய்ய வேண்டியது. ஜிப்மரும் மத்தியப் பல்கலைக்கழகமும் ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். பிம்ஸ் உள்ளிட்ட கல்லூரிகள் விருப்பம்போல் சேரலாம். நோயறிய வேண்டிய அளவு முதலில் நோய்க்குறியியலுக்கு, அதில் பேச்சே இல்லை. மிச்சம் இருந்தால் மட்டும் கரைசலுக்கு. ஒப்புதல் படிவம் அறுவைக்குக் கையெழுத்து வாங்கும் அவசரத்தில் நீட்டப்படக் கூடாது. தமிழில், தனியாக, ஒருநாள் முன்னதாக. ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் இசைவையும் கேட்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை சொல்கிறது. படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டிய ஒன்று: இந்தத் துண்டு வளர்ந்து விடை சொல்ல மாதக்கணக்காகும், உங்கள் குழந்தையின் சிகிச்சைக்கு அது உதவாமல் போகலாம். இதைச் சொன்னால் யார் கொடுப்பார்கள் என்று நிர்வாகிகள் கேட்பார்கள். டி.ஐ.பி.ஜி.யில் மூளையையே கொடுத்தவர்களுக்கு எந்தப் பலனும் வாக்களிக்கப்படவில்லை.

ஆள் வேண்டும். மூளை அறுவை காலை எட்டு மணிக்குத் தொடங்கினாலும் கட்டி வெளியே வர மாலை ஆகலாம். அந்த நேரத்தில் அரங்க வாசலில் ஐஸ் பெட்டியோடு நிற்க, முழுநேரச் சம்பளத்தில் இரண்டு பேர். ஆய்வு மாணவரை இரவல் வாங்கி ஓட்டினால் அவர் பட்டம் முடித்த மறுநாள் திட்டம் நின்றுவிடும். இப்படி நின்றுபோன திட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டில் இதிலிருந்து மருந்து எதையும் எதிர்பார்க்கக் கூடாது. எத்தனை துண்டு வந்தது, எத்தனை வளர்ந்தது, வளராதவை ஏன் வளரவில்லை, எந்த வகைக் கட்டி எத்தனை மணி நேரம் தாங்கியது என்று ஒரு பதிவேடு போதும். வளராதவற்றின் கணக்கையும் சேர்த்தே அதை வெளியிட வேண்டும்.

– கட்டுரையாளர், ஓய்வுபெற்ற மருந்தியல் பேராசிரியர்; கனகசெட்டிக்குளத்தில் வசிப்பவர்.